ஐந்து வரி நிரலும் மூன்று அதிகாரிகளும்

திருகோணமலையில் இறங்குதுறைக்குப் பக்கத்தில் கரையோரக் கணினிமயமாக்கல் செயலகம் என்று ஒன்று இருந்தது. சண்டைக் காலம். குடாவுக்கு அந்தப் பக்கத்து மூதூருக்கு மண்ணெண்ணெய் கொண்டுபோக அனுமதித் துண்டு வேண்டும். டோர்ச் பற்றரி கொண்டுபோனால் பற்றரியோடு ஆளையும் கொண்டுபோய்விடுவார்கள். அப்படிப்பட்ட காலத்தில் கொழும்பிலிருந்து ஒரு கணினியும் அதைக் கவனிக்க மூன்று அதிகாரிகளும் வந்து இறங்கினார்கள். அதிகாரிகளுக்கு அன்றைக்கே கதிரை கிடைத்தது. கணினிக்குப் பாதுகாப்பு அனுமதி கிடைக்கவில்லை. அதனால் அது பெட்டியை விட்டு வெளியே வராமல், 'மேலே பாரம் வைக்கவேண்டாம்' என்ற எழுத்தின்மேல் பழைய கோப்புகளைச் சுமந்துகொண்டு, ஒரு பூட்டிய அறைக்குள் நாலு வருடம் இருந்தது.

நான் கூட்டிச் சொல்லுவதாக ஊரில் சிலருக்கு எண்ணம். இந்தக் கதையை நான் குறைத்துத்தான் சொல்லுகிறேன். முழுவதையும் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

கணினி பெட்டிக்குள் இருந்தால் என்ன, செயலகம் சும்மா இருக்குமா? மென்பொருள் பயிலுநர் ஒருவரை எடுப்பதென்று தீர்மானித்தார்கள். ஆறு மாதப் பயிற்சி, ஒரே ஓர் இடம். ஐந்து பேருக்கு அழைப்புப் போனது. திரியாய்ப் பெடியனுக்கு அன்றைக்குப் பாதை மூடிக்கிடந்தது. வெருகல் பெடியனை ஆற்றுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். கிளிவெட்டிப் பிள்ளையின் பிரயாணப் பாஸில் முதல்நாள் திகதி. நாலாவது ஆள் செயலகத்துக்கு எதிர்வீடு, ரோட்டைக் கடக்கத்தானே என்று பாஸ் எடுக்காமல் வந்தார், ரோட்டிலேயே திருப்பப்பட்டார். இப்படி நாலு பேர் சோதனைச் சாவடிகளில் தோற்றுப்போக, எஞ்சியது மூதூர் ஸுல்பிகா மட்டும்.

ஸுல்பிகா தொழில்நுட்பக் கல்லூரியில் கணினிப் பாடம் படித்துச் சோதனையும் பாஸ்பண்ணியவள். டிப்ளோமா கையில் வருவதற்கு ஒன்றுதான் குறை: எங்காவது ஆறு மாதப் பயிற்சி, அதற்குச் சேர்ந்துவிட்டதாக முதலில் ஒரு கடிதம். அந்த மாத முடிவுக்குள் கொடுக்காவிட்டால் படித்த இரண்டு வருடமும் கடலில் போட்டதுதான். கொழும்புக் கம்பனிகளுக்கும் எழுதிப் பார்த்தாள். மூதூர் முகவரியைக் கண்டதும் எல்லாரும் ஒரே மாதிரி 'பின்னர் அறிவிப்போம்' என்று எழுதினார்கள். மாவட்டத்தில் கணினி என்ற சொல்லைப் பலகையில் எழுதிவைத்திருந்த ஒரே அலுவலகம் இதுதான்.

காலை லோஞ்ச் படகில் கடலைக் கடந்து வந்தவளைக் கேற்றிலே நிறுத்தினார்கள். பையைக் கொட்டினார்கள். காவலர் அவளுடைய பிளொப்பியைத் தூக்கிப் பிடித்தார்.

"இதுக்குள்ள என்ன?"

"நான் எழுதின நிரல், சேர்."

அவர் அதைக் காதருகில் வைத்துக் குலுக்கினார். சத்தம் வரவில்லை. சத்தம் வந்திருந்தாலாவது என்ன சாமான் என்று தெரிந்திருக்கும். சத்தமே வராத சாமானை எப்படி உள்ளே விடுவது? பிளொப்பி கேற்றிலே தங்கிவிட்டது. நல்லகாலம், நிரலைத் தாளிலும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, படம் ஏதும் இல்லாதபடியால் விட்டார்கள்.

உள்ளே மாடி மண்டபத்தில் நீட்டு மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் பணிப்பாளர் அருளம்பலம். வலப்பக்கம் கணக்காளர் சோமசேகரம். இடப்பக்கம் தலைமை எழுதுவினைஞர் பாக்கியரத்தினம் மிஸ், முன்னால் வட்ட முத்திரையும் மைப்பெட்டியும். வாசலில் பியோன் அபூதாஹிர்.

"இருங்கோ பிள்ளை," என்றார் அருளம்பலம். "முதலிலை இந்தச் செயலகத்தைப் பற்றிச் சொல்லவேணும். நாங்கள் நாலு வருசமாய்க் கணினிமயமாக்கிக்கொண்டிருக்கிறம். இந்த நாலு வருசத்திலை ஒருதரும் கணினியைத் தொட்டதில்லை. அப்பிடி ஒரு ஒழுக்கம் வேறை எந்தத் திணைக்களத்திலையும் இல்லை."

"ஓம், சேர்."

"மற்ற இடங்களிலை கணினியை வாங்கின உடனே போட்டுப் பார்க்கிறாங்கள். பழுதாகுது. எங்கடை கணினி இண்டைக்கும் புதுசு."

சோமசேகரம் தலையை ஆட்டினார். "தேய்மானம் பூச்சியம்," என்றார்.

பிறகு கேள்விகள். அவை வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர் இரண்டு நாள் வந்து நின்றபோது விட்டுப்போனவை. மாற்றிக் கேட்க ஏலாது.

"ஐந்து வருசத்திலை உங்களை எங்கை காணுறீங்கள்?"

ஸுல்பிகா யோசித்தாள். அந்தக் காலத்தில் அடுத்த கிழமை எங்கே நிற்போம் என்றே ஒருவருக்கும் தெரியாது.

"மூதூரில, சேர். லோஞ்ச் ஓடினா."

"உங்களிட்டை இருக்கிற பெரிய பலவீனம்?"

"கடல்ல தலை சுத்தும், குமட்டும்."

"மருத்துவச் சான்றிதழ் இருக்கோ?" என்று கேட்டார் சோமசேகரம்.

"அடிக்கடி சத்தி எடுக்கிறதில்லை, சேர்."

"அடிக்கடி எடுக்காததுக்கும் சான்றிதழ் வேணும்."

இந்த மாதிரி வெகுநேரம் போனது. கடைசியில் அருளம்பலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சரி, உங்கடை நிரலை ஓட்டிப் பார்ப்பம்," என்றார்.

ஸுல்பிகாவுக்கு உயிர் வந்தது. "கணினியத் திறக்கிறீங்களா, சேர்?"

மூன்று பேரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"கணினி எதுக்குப் பிள்ளை? கணினி செய்யிறதென்ன? ஒவ்வொரு வரியாய் வாசிச்சு அதன்படி நடக்கிறது. அரசாங்க ஊழியன் வேறை என்ன செய்யிறான்? தாங்கோ தாளை."

அவள் எழுதியிருந்தது மூதூர் லோஞ்சுக்கு ஆள் ஏற்றும் நிரல். லோஞ்ச் அறுபது பேரைத் தாங்கும். தள்ளுமுள்ளில் நூறு பேர் ஏறிவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் இந்த நிரல். எல்லாமாய் ஐந்து வரி. அதிகாரிகளுக்கு விளங்கட்டும் என்று தமிழிலும் எழுதிவைத்திருந்தாள்.

ஒன்று: தொகையைப் பூச்சியம் என்று வை. இரண்டு: அடுத்த ஆளை ஏற்று. மூன்று: தொகையில் ஒன்றைக் கூட்டு. நாலு: தொகை அறுபதுக்குக் குறைவானால் இரண்டாம் வரிக்குத் திரும்பிப் போ. ஐந்து: லோஞ்சை விடு.

கணினி இதை இமை கொட்டுமுன் முடித்துவிடும். செயலகம் தொடங்கியது.

அருளம்பலம் தாளின் தலைப்பில் கையொப்பம் வைத்து, "ஒன்று," என்றார்.

"ஏலாது," என்றார் சோமசேகரம். "பூச்சியம் எண்டு வைக்கிறதுக்கு நாங்கள் யார்? போன வருச மீதி என்ன?"

"போன வருசம் இந்த நிரலே இல்லை, சேர்," என்றாள் ஸுல்பிகா.

"இல்லை எண்டதுக்கு அத்தாட்சி?"

பாக்கியரத்தினம் மிஸ் 'போன வருடம் நிரல் இருக்கவில்லை' என்று ஒரு துண்டு எழுதி முத்திரை குத்தினார். பூச்சியம் அங்கீகரிக்கப்பட்டது. அதற்குள் தேத்தண்ணி வந்தது, குடித்தார்கள், கோப்பை போனது.

"இரண்டு. அடுத்த ஆளை ஏற்று. அபூதாஹிர்!"

"சேர்?"

"நீர்தான் பிரயாணி. வெளியிலை போய் உள்ளுக்கு வாரும்."

அபூதாஹிர் வெளியே போனார், உள்ளே வந்தார். சோமசேகரம் அவருடைய அடையாள அட்டையை வாங்கி இலக்கத்தைப் பதிந்து ஒரு தட்டில் போட்டார். தொகை ஒன்று.

"நாலு. ஒன்று அறுபதுக்குக் குறைவோ?"

ஒருவர் மற்றவருடைய பேனையைப் பார்த்தார்கள். அந்த அலுவலகத்தில் ஒரு முடிவும் அதுவரை எடுக்கப்பட்டதில்லை என்பதை இங்கே சொல்லவேண்டும்.

"குறைவுபோலத்தான் கிடக்கு," என்றார் பாக்கியரத்தினம் மிஸ் மெதுவாக.

"போலக் கிடக்கு எண்டு எழுத ஏலாது. கணக்குப் பகுதி என்ன சொல்லுது?" என்றார் அருளம்பலம்.

"கணக்குப் பகுதி தொகையை மட்டுந்தான் சொல்லும். குறைவோ கூடவோ எண்டது கொள்கை விசயம். பணிப்பாளர்தான் சொல்லவேணும்."

அருளம்பலம் யன்னலால் கடலைப் பார்த்தார். பிறகு, "தற்காலிகமாய்க் குறைவு," என்று எழுதினார். தாள் இரண்டாம் வரிக்குத் திரும்பியது. அபூதாஹிர் மறுபடி வெளியே போய் உள்ளே வந்தார்.

சோமசேகரம் பேனையை மூடினார். "இந்த ஆள் ஏற்கெனவே ஏறிவிட்டார். ஒரே அடையாள அட்டைக்கு இரண்டு தரம் கூட்டினால் கணக்காய்வுக்காரன் என்னைத்தான் கேட்பான். தொகை ஒன்றுதான்."

ஒன்று தற்காலிகமாகக் குறைவு. தாள் திரும்பியது. அபூதாஹிர் போனார், வந்தார். தொகை ஒன்று. போனார், வந்தார். ஒன்று. எத்தனை தரம் என்று எனக்குத் தெரியாது; அவருடைய செருப்பு வார் அறுந்து, பிறகு வெறுங்காலோடு போய் வந்தார் என்பது தெரியும்.

"புள்ள," என்று போகும்போது கேட்டார், "இது எப்ப முடியும்?"

"முடியாது, அபூதாஹிர் நானா. அறுபது வரவேணும். கணக்காளர் சேர் ஒண்டிலயே நிக்கார்."

அருளம்பலம் மேசையைத் தட்டினார். "பிள்ளை, பிழை எங்கை எண்டு கண்டுபிடிச்சிட்டம். உங்கடை நிரல் முடியுதில்லை. முடியாத நிரலுக்கு நாங்கள் எப்பிடி இடம் தருறது?"

ஸுல்பிகா எழுந்து மேசையருகே வந்தாள். இரண்டு வருடப் படிப்பு ஒரு பியோனின் அடையாள அட்டையில் சிக்கி நின்றது. "சேர், நிரலில பிழையில்ல. ஒரு பேனை தாங்க. அறுபத ஒண்டாக்கி விடுறன், உடன முடிஞ்சிரும்."

நீட்டிய கையை அருளம்பலம் தடுத்தார். "நான் கையொப்பம் வைச்ச நிமிசத்திலை இருந்து இது அரசாங்க நிரல். பொதுமக்கள் கைவைக்க ஏலாது. பயிலுநராய் இருந்தாலாவது பரவாயில்லை."

"அப்ப வேற வேற ஆக்கள் வேணும், சேர். ஒவ்வொருத்தரும் வேற அடையாள அட்டையோட."

இதைச் சொல்லியிருக்கக்கூடாது. பாக்கியரத்தினம் மிஸ் யன்னலால் எட்டிப் பார்த்தார். கீழே பின்னேர லோஞ்சுக்குச் சனம் வரிசையில் நின்றது. அன்றைய கடைசி லோஞ்ச். அது செயலகத்தின் வட்ட முத்திரை குத்திய துண்டு கண்டால் போகும், காணாவிட்டால் நிற்கும்; நாலு வருடத்தில் செயலகம் செய்த ஒரே உருப்படியான வேலை அந்தத் துண்டுதான்.

"மூதூர்ச் சனத்தை மேலை வரச்சொல்லும்," என்றார் அருளம்பலம்.

அந்த நாட்களில் எங்களுடைய சனம் எந்த வரிசையைக் கண்டாலும் முதலில் சேர்ந்துகொள்ளும். என்ன வரிசை என்று பிறகுதான் கேட்கும். அபூதாஹிர் போய்ச் சொன்னதும் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒவ்வொருவராக மாடி ஏறி, அடையாள அட்டையைத் தட்டில் போட்டு, மண்டபத்துக்குள் போய் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் தாள் நாலாம் வரிக்குப் போய், 'தற்காலிகமாய்க் குறைவு' என்று எழுதுவித்து, திரும்பி வந்தது. பெரியாஸ்பத்திரிக்கு வந்து தலையணையோடு திரும்பிக்கொண்டிருந்த மைமூனா மட்டும் கேட்டாள்.

"என்னத்துக்குகா எங்கள இதுக்குள்ள அடைக்கிற?"

"நீங்கள் இப்ப லோஞ்சிலை ஏறுறீங்கள்," என்றார் சோமசேகரம், தலை நிமிராமல்.

"இதா லோஞ்ச்? காத்தக் காணல்லியே!"

"காத்து நிரலிலை இல்லை."

தொகை ஐம்பத்தொன்பதில் வரிசை முடிந்தது. ஒரு ஆள் குறை. மூன்று அதிகாரிகளும் ஒரே நேரத்தில் ஸுல்பிகாவைப் பார்த்தார்கள்.

"நீங்களும் மூதூர்தானே, பிள்ளை?"

அவளுடைய அட்டையும் தட்டில் விழுந்தது. அறுபது. அருளம்பலம் வாழ்க்கையில் முதல்முறையாக 'குறைவில்லை' என்று எழுதினார். எழுதிவிட்டு அதை ஊதி ஊதிக் காயவைத்ததாக அபூதாஹிர் சொல்லுகிறார்.

"ஐந்து," என்றார். "லோஞ்சை விடு."

பாக்கியரத்தினம் மிஸ்ஸுக்கு லோஞ்ச் என்ற சொல் காதில் விழுந்தால் கை தானாக வேலை செய்யும். 'அறுபது பேர் ஏறிவிட்டனர். லோஞ்சை விடவும்' என்று துண்டு எழுதினார், முத்திரை குத்தினார், அபூதாஹிர் கையில் கொடுத்தார். அபூதாஹிர் அன்றைக்குப் போ என்றால் போகவும் வா என்றால் வரவும் பழகிப்போயிருந்தார். போனார். இறங்குதுறைக்காரர் துண்டைப் பார்த்தார். லோஞ்சைப் பார்க்கவில்லை, அது அவருடைய கடமையில் சேராது. கயிறு அவிழ்ந்தது.

"அல்லாஹ்வே, லோஞ்ச் போகுது!" என்று யன்னலோரம் நின்ற ஒருவர் கத்தினார்.

மண்டபமே யன்னலுக்குப் பாய்ந்தது. வெறும் லோஞ்ச் புகை கக்கிக்கொண்டு கொட்டியாரக் குடாவுக்குள் போய்க்கொண்டிருந்தது. அருளம்பலம் எழுந்து நின்று கைதட்டினார். கண்ணில் நீர்.

"அன்பான பொதுமக்களே! இந்தச் செயலகம் இண்டைக்குத்தான் முதல்முறையாய் ஒன்றைத் தொடங்கி முடிச்சிருக்கு. தள்ளுமுள்ளில்லை, ஒருத்தரும் நனையவில்லை, லோஞ்சிலை பாரம் கூடவில்லை. உங்கடை ஒத்துழைப்புக்கு நன்றி."

"ஒத்துழைப்பா? எங்க அட்டையத் தாங்க, நாங்க போறம்!"

சோமசேகரம் தட்டின்மேல் கையை வைத்தார். "தரலாம். ஆனால் பதிவின்படி நீங்கள் இப்ப நடுக்கடலிலை. நடுக்கடலிலை நிற்கிற ஆட்களுக்கு நான் கரையிலை வைச்சு அட்டை குடுத்தால் கணக்காய்வுக்காரனுக்கு என்ன சொல்லுறது? ஏறினவரை இறக்கிறதுக்கு நிரலிலை வரி இல்லை."

அடையாள அட்டை இல்லாமல் திருகோணமலை ரோட்டில் இறங்குவது எவ்வளவு ஆபத்தென்று அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே சத்தம் வேறுவிதமாக மாறியது. யாரோ மேசையைத் தள்ளினார்கள். மைப்பெட்டி கவிழ்ந்தது. அருளம்பலம் கதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "பிள்ளை! கெதியாய் இறக்கிற வரியை எழுதுங்கோ!" என்றார்.

ஸுல்பிகா பேனையை எடுக்கவில்லை. காலையில் கடல் கடந்து வந்தவள். காதருகில் குலுக்கப்பட்ட பிளொப்பி, சத்தி எடுக்காததற்குச் சான்றிதழ், எல்லாம் அவளுக்கு நினைவிருந்தன. ஆனால் சொன்னது அமைதியாகத்தான்.

"ஏலாது, சேர். நான் பொதுமக்கள்."

"என்ன?"

"அரசாங்க நிரலில பொதுமக்கள் கைவைக்க ஏலாதெண்டு நீங்கதானே சொன்னீங்க. பயிலுநராயிருந்தா பரவாயில்ல எண்டும் சொன்னீங்க."

"அவ கேக்கிறதக் குடுங்கவன்!" என்று மைமூனா தலையணையை ஓங்கினாள்.

நாலு வருடத்தில் ஒரு குண்டூசிப் பெட்டிக்கு ஒப்புதல் கொடுக்க ஆறு மாதம் எடுத்த செயலகம், பயிற்சிக்கு நியமிக்கும் கடிதத்தை ஒரு பீடி புகைக்கிற நேரத்தில் எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை குத்திக் கொடுத்தது. ஸுல்பிகா அதை இரண்டு தரம் வாசித்தாள். பெயரில் எழுத்துப் பிழை திருத்துவித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு தாளை எடுத்து, 'ஆறு: ஆட்களை இறக்கு' என்று எழுதினாள்.

"எங்கை இறக்கிறது?" என்றார் சோமசேகரம் உடனே. "இடம் சொல்லவில்லையே. நடுக்கடலிலை இறக்கினால் தண்ணிக்குள்ளை தாண்டு செத்தெல்லோ போவினம்?"

"இறங்குதுறையிலை இறக்கலாம்," என்றார் பாக்கியரத்தினம் மிஸ்.

"எந்த இறங்குதுறை? மூதூரோ, இஞ்சையோ? அது கொள்கை விசயம்."

மூவரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கொள்கை விசயத்தைக் கதைக்கத் தொடங்கினார்கள். மைமூனா கொஞ்சநேரம் அவர்களைப் பார்த்தாள். பிறகு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அடையாள அட்டைத் தட்டை அப்படியே தூக்கி, கதவைத் தள்ளித் திறந்துகொண்டு போனாள். கதவு பூட்டியிருக்கவில்லை. முழுச் சனமும் பின்னால் போனது. அதிகாரிகள் கவனிக்கவில்லை, அவர்கள் அப்போதுதான் இரண்டு இறங்குதுறைகளையும் ஒப்பிட உபகுழு ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தார்கள்.

கீழே வந்து பார்த்தால், லோஞ்ச் திரும்பிவந்து கரையில் முட்டிக்கொண்டு நிற்கிறது! ஓட்டி இராசையா கயிற்றை எறிந்துகொண்டே கேட்டார்:

"எங்கையடாப்பா எல்லாரும்? லோஞ்ச் பாரமில்லாமல் துள்ளிச்சுது. திரும்பிப் பாத்தன், ஒருதரையும் காணேல்லை. உடனை திருப்பினனான்."

அவ்வளவுதான். யாரையும் கேட்கவில்லை, ஒரு துண்டும் இல்லை. இருட்டுமுன் எல்லாரும் மூதூர் போய்ச் சேர்ந்தார்கள். ஸுல்பிகா அன்றைக்கு லோஞ்சில் சத்தி எடுத்தாள். ஆனால் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கடிதம் நனையாமல் எடுத்தாள்.

மாதம் முடியுமுன் கடிதம் கல்லூரிக்குப் போனது. ஸுல்பிகா வேலைக்குப் போனாள். முதல் நாள் அருளம்பலம் கூப்பிட்டார்.

"பிள்ளை, உங்கடை நிரல் வெற்றி. கொழும்புக்கு அறிக்கை போட்டாச்சு. ஆனால் அதைக் குழப்பினது ஒரு ஆள். நாங்கள் விட்ட லோஞ்சை அந்த இராசையா உத்தரவில்லாமல் திருப்பியிருக்கிறார். ஏன் வேலைநீக்கம் செய்யக்கூடாது எண்டு கேட்டு ஒரு கடிதம் தயாரியுங்கோ. இதுதான் உங்கடை முதல் பயிற்சி."

ஸுல்பிகா மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். டிப்ளோமாவுக்கு இன்னும் ஆறு மாதம் இந்த மனிதரின் கையொப்பம் வேண்டும்.

"செய்யிறன், சேர். நிரல் மாதிரி வரிவரியாய் நடைமுறை எழுதி அனுப்பட்டா?"

"வேறை எப்பிடி?" என்று மகிழ்ந்தார் அருளம்பலம்.

கடிதத்தை எழுதி, அதன் தலைப்பில் மூன்று வரி சேர்த்தாள். ஒன்று: பாக்கியரத்தினம் மிஸ் பார்த்துக் கணக்காளருக்கு அனுப்புக. இரண்டு: கணக்காளருக்குக் கேள்வி ஏதும் இருந்தால் முதலாம் வரிக்குத் திரும்புக. மூன்று: கேள்வி இல்லாவிட்டால் இராசையாவுக்கு அனுப்புக.

அருளம்பலம் வாசித்து, இவ்வளவு ஒழுங்கான நடைமுறையைத் தன் உத்தியோக காலத்தில் கண்டதில்லை என்று சொல்லிக் கையொப்பம் வைத்தார்.

ஆறு மாதம் முடிந்து ஸுல்பிகா டிப்ளோமாவோடு போய்விட்டாள். அருளம்பலம் வேலையிலிருந்து இளைப்பாறினார். கடிதம் பாக்கியரத்தினம் மிஸ்ஸின் மேசையிலிருந்து சோமசேகரத்தின் மேசைக்கும், அங்கிருந்து ஒரு கேள்வியோடு திரும்பியும், கோப்புக் கயிறு இரண்டு தரம் மாற்றப்பட்டும் போய்வந்துகொண்டிருந்தது. இராசையா காலையும் பின்னேரமும் லோஞ்சை ஓட்டினார், கயிற்றை அவிழ்க்குமுன் ஆள் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு.